அணு ஒளி விடுவதும் சிதைவதும்: ஒரு செருப்புப் பெட்டியும் நூறு புளியங்கொட்டையும் கொண்டு கற்கும் வழி

ரசம் நுரைத்துப் பொங்கி அடுப்பில் வழியும்போது, அதுவரை நீலமாக எரிந்துகொண்டிருந்த சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த மஞ்சள், ரசத்தில் கரைந்திருக்கும் உப்பின் சோடியம் அணுக்கள் விடும் ஒளி. அதே சமையலறையில் தட்டில் கிடக்கும் ஒரு வாழைப்பழத்திலோ, பொட்டாசியம் அணுக்கள் யாரும் தூண்டாமலேயே நொடிக்குப் பத்துப் பதினைந்து என்ற கணக்கில் வேறு தனிமமாக மாறிக்கொண்டிருக்கின்றன. முன்னது அணுவின் வெளிப்புறத்தில் எலெக்ட்ரான்கள் செய்யும் வேலை. பின்னது அணுவின் நடுவே அணுக்கருவுக்குள் நடப்பது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுவதுதான் புதிதாகப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம். ஆகவே இந்தக் கட்டுரையில் ஒளியை முதலிலும் சிதைவைப் பிறகும் எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய இரண்டு வேலைகளின் வழியாக அவற்றை விளக்க முயல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவராக இருக்க வேண்டிய தேவையில்லை. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

முதல் படி: ஆற்றல் மட்டங்களைப் புரிந்துகொள்ளுதல்

ஓர் அணுவிலுள்ள எலெக்ட்ரான் தான் விரும்பிய ஆற்றலையெல்லாம் கொண்டிருக்க முடியாது. படிக்கட்டில் நிற்பவர் ஒன்று இந்தப் படியில் நிற்கலாம், அல்லது அடுத்த படியில் நிற்கலாம். இரண்டு படிகளுக்கு இடையே அந்தரத்தில் நிற்க முடியாது. எலெக்ட்ரானின் நிலையும் அதுவே. ஆனால் இந்தப் படிக்கட்டின் படிகள் சம உயரம் கொண்டவை அல்ல. மேலே போகப்போக நெருங்கிக்கொண்டே போகும். ஹைட்ரஜன் அணுவில் அடி மட்டத்தின் ஆற்றல் −13.6 எலெக்ட்ரான் வோல்ட் (அணுக்களின் மிகச் சிறிய ஆற்றலை அளக்கும் அலகு), இரண்டாவது மட்டம் −3.4, மூன்றாவது −1.51, நான்காவது −0.85. டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் கணக்கிட்டுக் காட்டியது இந்த எண்களைத்தான். கோள்கள் சூரியனைச் சுற்றுவதுபோல எலெக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுவதாகப் போர் வரைந்த படம் பிற்காலத்தில் கைவிடப்பட்டுவிட்டது என்றாலும், ஹைட்ரஜனுக்கு அவர் பெற்ற மட்டங்களின் கணக்கு நிலைத்துவிட்டது. நீங்களும் படத்தை விட்டுவிட்டுக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது.

சூட்டினாலோ மின்சாரத்தாலோ மேல் மட்டத்துக்குத் தள்ளப்பட்ட எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது, இரண்டு மட்டங்களுக்கும் இடையிலான வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு ஆற்றலை ஒரே ஃபோட்டானாக, அதாவது ஒளியின் ஒரே பொட்டலமாக, வெளியே விடுகிறது. இங்கே மனப்பாடம் செய்ய வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான்: 1240 என்ற எண்ணை எலெக்ட்ரான் வோல்ட்டில் உள்ள ஆற்றலால் வகுத்தால், ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைத்துவிடும். ஹைட்ரஜனில் மூன்றாவது மட்டத்திலிருந்து இரண்டாவதற்கு இறங்கினால் வேறுபாடு 1.89, 1240-ஐ 1.89-ஆல் வகுத்தால் 656 நானோமீட்டர், அதாவது சிவப்பு. நான்காவதிலிருந்து இரண்டாவதற்கு இறங்கினால் 486, நீலப்பச்சை. ஒவ்வொரு தனிமத்துக்கும் மட்டங்களின் அமைப்பு வேறு என்பதால், அது விடும் ஒளியை நிறம்நிறமாகப் பிரித்தால் தெரியும் கோடுகளும் வேறு. சோடியத்துக்கு 589.0, 589.6 என்று ஒட்டிப் பிறந்த இரண்டு மஞ்சள் கோடுகள் உண்டு. ரசம் காட்டிய மஞ்சள் அவைதான்.

மேல் மட்டத்தில் எலெக்ட்ரான் எவ்வளவு நேரம் தங்கும் என்ற கேள்வியையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். சோடியத்தின் இந்த மட்டத்தில் அது சராசரியாக ஒரு நொடியின் நூறு கோடியில் 16 பங்கு நேரம், அதாவது 16 நானோநொடி தங்குகிறது. சராசரி என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். குறிப்பிட்ட ஓர் அணு எந்தக் கணத்தில் ஒளியை விடும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. கோடிக்கணக்கான அணுக்களின் கூட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் துல்லியமாகச் சொல்லலாம். இதை நினைவில் வைத்திருங்கள். புளியங்கொட்டைக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

இரண்டாம் படி: செருப்புப் பெட்டியில் நிறமாலை காட்டி செய்தல்

நிறமாலை காட்டி என்பது ஒளியை அதன் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கருவி. அதற்குப் பழைய சி.டி. ஒன்று, 30 செ.மீ. நீளமுள்ள காலணிப் பெட்டி ஒன்று, இரண்டு பழைய சவரப் பிளேடுகள், கறுப்புத் தாள், ஒட்டும் டேப் ஆகியவை போதும். சி.டி.யின் பெயர் அச்சிட்ட பக்கத்தில் ஊசியால் கீறிவிட்டு, டேப்பை அழுத்தி ஒட்டி, ஒரே இழுப்பில் உரித்தால் வெள்ளிப் படலம் டேப்போடு வந்துவிடும். அடியில் கண்ணாடிபோன்ற தட்டு மிஞ்சும். எழுதும் வகைச் சி.டி.யில் இது எளிதாக உரியும். அந்தத் தட்டின் விளிம்பையொட்டிய பகுதியிலிருந்து இரண்டு செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைக் கத்தரித்துக்கொள்ளுங்கள். சி.டி.யில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 625 கோடுகள். ஒளியை நிறங்களாகப் பிரிக்கப் பள்ளி ஆய்வகத்தில் விலை கொடுத்து வாங்கும் கீற்றணியின் வேலையை இந்தத் துண்டு செய்யும்.

பெட்டியின் ஒரு குறுகிய முனையில், பக்கச் சுவரிலிருந்து மூன்று செ.மீ. தள்ளி, செங்குத்தாக ஒரு திறப்பு வெட்டி, அதன்மேல் இரண்டு பிளேடுகளையும் கூர்முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் ஒட்டுங்கள். எதிர்முனையில், இந்தப் பிளவுக்கு நேர் எதிரே கண் வைத்துப் பார்க்க ஒரு சதுரத் துளை வெட்டி, அதில் சி.டி. துண்டைப் பொருத்துங்கள். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: துண்டின் தடங்கள் பிளவுக்கு இணையாக, அதாவது செங்குத்தாக இருக்க வேண்டும். சி.டி.யின் வட்ட விளிம்பு எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசையே தடங்களின் திசை என்பதால், விளிம்பு இருந்த பக்கம் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் சரியாகிவிடும். தவறாக வைத்தால் கோடுகள் பக்கவாட்டில் விரியாமல் மேலும் கீழும் அப்பிக்கொண்டு தெரியும். துண்டைக் கால் திருப்பு திருப்பினால் போதும். பெட்டியின் உட்புறம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டி, மூடியின் விளிம்புகளையும் டேப்பால் அடைத்துவிடுங்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. 30 செ.மீ. நீளப் பெட்டியில், பிளவிலிருந்து பக்கவாட்டில் 8.5 செ.மீ. தள்ளிப் பாதரசத்தின் 436 நானோமீட்டர் நீலக் கோடும், 10.9 செ.மீ. தள்ளி 546 நானோமீட்டர் பச்சைக் கோடும், 11.9 செ.மீ. தள்ளிச் சோடியத்தின் மஞ்சளும் விழும். பிளவு இருக்கும் முனையில் இந்த மூன்று தொலைவுகளிலும், பிளவின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஊசியால் நுண்ணிய துளையிட்டால் அவை ஒளிப்புள்ளிகளாகத் தெரிந்து அளவுகோலாகப் பயன்படும்.

இந்தப் பெட்டியைச் சூரியனை நோக்கியோ லேசரை நோக்கியோ ஒருபோதும் திருப்பக் கூடாது. பகலொளியின் நிறமாலை வேண்டுமானால் வெள்ளைச் சுவரையோ வானத்தின் சூரியனில்லாத பக்கத்தையோ பாருங்கள்.

மூன்றாம் படி: ஒளிகளைப் பார்த்தல்

முதலில் ஒரு வெள்ளை எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். நீலத்தில் ஒரு தடித்த பட்டையும், அதைத் தொடர்ந்து பச்சையிலிருந்து சிவப்புவரை ஒழுகிச் செல்லும் வண்ணமும் தெரியும். கோடு எதுவும் இருக்காது. திண்மப் பொருளில் அணுக்கள் நெருக்கியடித்துக் கொண்டிருப்பதால் தனித்தனி மட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து அகன்ற பட்டைகளாகிவிடுகின்றன என்பதே காரணம். அடுத்து ஒரு பழைய சி.எஃப்.எல். விளக்கையோ குழல் விளக்கையோ பாருங்கள். வண்ணப் பட்டை துண்டுதுண்டாக உடைந்து, நீலத்திலும் பச்சையிலும் கூர்மையான கோடுகள் எழும். அவற்றில் நீலக் கோடு விளக்கினுள் ஆவியாக இருக்கும் பாதரச அணுக்களின் கையெழுத்து. இந்த ஒரு மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவருக்குத் தனி அணு என்றால் என்ன, கூட்டமாக இருக்கும் அணு என்றால் என்ன என்பது எந்தப் பாடநூலாலும் தர முடியாத அளவுக்குத் தெளிவாகிவிடும்.

பிறகு பழைய மின்பலகையில் சிவந்த ஆரஞ்சு நிறத்தில் மினுக்கும் சிறு இண்டிகேட்டர் விளக்கு. அதில் இருப்பது நியான் என்றால், ஆரஞ்சிலும் சிவப்பிலும் கோடுகள் சீப்பின் பற்கள்போல வரிசையாக நிற்கும். கடைசியாக உப்பு. கெட்டியான உப்புக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்த ஐஸ் குச்சியை இடுக்கியால் பிடித்து, இருட்டாக்கிய அறையில் அடுப்புச் சுடரின் ஓரத்தில் காட்டி, கைக்கெட்டாத் தொலைவிலிருந்து மற்றொருவர் பெட்டி வழியாகப் பார்க்க வேண்டும். வேறு எந்த வண்ணமும் அருகில் இல்லாமல், 11.9 செ.மீ. புள்ளிக்குக் கீழே ஒற்றை மஞ்சள் கோடு நிற்கும். 589.0, 589.6 என்ற இரட்டையை நம் பெட்டியால் பிரித்துக் காட்ட இயலாது. அதற்குப் பிளவு இன்னும் மிகக் குறுகலாகவும் பெட்டி மிக நீளமாகவும் இருக்க வேண்டும்.

1860-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வேதியியலாளர் புன்சனும் இயற்பியலாளர் கிர்ச்சாஃபும் இதே முறையில்தான் ஒரு கனிம ஊற்றின் நீரில் அதுவரை காணாத இரண்டு நீலக் கோடுகளைக் கண்டு, சீசியம் என்ற புதுத் தனிமத்தை அறிவித்தார்கள்.

நான்காம் படி: அணுக்கருவுக்குள் நுழைதல்

இதுவரை பார்த்த ஒளிகளிலெல்லாம் அணு தன் அடையாளத்தை இழக்கவில்லை. ஒளியை விட்ட பிறகும் சோடியம் சோடியமாகவே இருந்தது. கதிரியக்கச் சிதைவில் அணு வேறொன்றாகிவிடுகிறது. ஹென்றி பெக்கரல் 1896-இல் யுரேனியத்தில் முதன்முதலாகக் கண்ட இந்த நிகழ்வு மூன்று வகையில் நடக்கிறது. ஆல்ஃபா சிதைவில் அணுக்கரு இரண்டு புரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் சேர்த்த ஒரு பொட்டலத்தை வெளியே எறிகிறது. அணு எண் (புரோட்டான்களின் எண்ணிக்கை) இரண்டும் நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) நான்கும் குறையும். பீட்டா சிதைவின் பொதுவான வடிவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி ஓர் எலெக்ட்ரான் வெளியேறுகிறது. அணு எண் ஒன்று கூடும், நிறை எண் மாறாது. மூன்றாவதான காமாவில் தனிமம் மாறுவதில்லை. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நாம் முதல் படியில் கற்றது இங்கே அப்படியே திரும்பி வருகிறது.

அணுக்கருவுக்கும் எலெக்ட்ரானைப் போலவே ஆற்றல் மட்டங்கள் உண்டு. கோபால்ட்-60 பீட்டா சிதைவால் நிக்கல்-60 ஆகும்போது, பிறக்கும் நிக்கல் கரு மேல் மட்டத்தில் பிறக்கிறது. அங்கிருந்து இரண்டு படிகளாக இறங்கி, 11.7 லட்சம், 13.3 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட இரண்டு காமா ஃபோட்டான்களை விடுகிறது. காமா என்பது அணுக்கருவின் ஒளி. மருத்துவமனைகளில் எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் என்பதும் மேல் மட்டத்தில் காத்திருக்கும் ஓர் அணுக்கருதான். ஆனால் அதன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி மாறி முடிய ஆகும் நேரம், நானோநொடிகள் அல்ல, 6 மணி நேரம். புன்சன் சுடரைப் பார்த்துச் சீசியத்தைப் பெயர் சொல்லி அழைத்ததுபோல, இன்றைய ஆய்வகங்கள் மண்ணையோ உணவையோ சோதிக்கும்போது 6.62 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு காமா கோட்டைக் கண்டால் சீசியம்-137 என்று சொல்லிவிடுகின்றன.

எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சோடியத்தின் ஒரு மஞ்சள் ஃபோட்டானின் ஆற்றல் 2.1 எலெக்ட்ரான் வோல்ட். தோரியம்-232 எறியும் ஓர் ஆல்ஃபாத் துகளின் ஆற்றல் 40 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். ஏறத்தாழ 20 லட்சம் மடங்கு. உப்பைச் சுடரில் காட்டி ஒளிரவைக்க முடிகிறது, ஆனால் தோரியத்தை எவ்வளவு சூடாக்கினாலும் அதன் சிதைவை விரைவுபடுத்த முடிவதில்லை. ஏன் என்பதற்கு விடை இந்த இடைவெளியில் இருக்கிறது: அடுப்பின் சூடு எலெக்ட்ரான்களை அசைக்கப் போதுமானது, அணுக்கருவுக்கோ அது எட்டவே எட்டாது. எலெக்ட்ரானைத் தன்னுள் இழுத்துக்கொண்டு சிதையும் சில கருக்களில் மட்டும், சுற்றுப்புற வேதியியல் சிறிதே சிறிது மாற்றம் செய்யக்கூடும்.

ஐந்தாம் படி: புளியங்கொட்டையால் சிதைவைக் காணுதல்

தாயம் ஆடுவதற்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோமல்லவா, அதுபோல நூறு கொட்டைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை வேலை. பொறுமை இல்லாவிட்டால் ஐம்பது போதும். எல்லாவற்றையும் முறத்தில் போட்டுக் குலுக்கி உருட்டுங்கள். வெள்ளை மேலே விழுந்தவை சிதைந்துவிட்டன என்று வைத்து அவற்றை எடுத்துவிட்டு, மிஞ்சியதை எண்ணி எழுதுங்கள். மிஞ்சியவற்றை மட்டும் மறுபடி உருட்டுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்து, எத்தனையாவது உருட்டு என்பதைக் கிடைமட்டத்திலும் மிஞ்சிய எண்ணிக்கையைச் செங்குத்திலும் வைத்து வரைபடத் தாளில் குறியுங்கள்.

நாணயத்தை விட்டுப் புளியங்கொட்டையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் வெள்ளையும் கறுப்பும் சரிபாதியாக விழாது. எவ்வளவு தேய்த்தீர்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். எடுத்துக்காட்டாக உங்கள் கொட்டைகளில் ஓர் உருட்டுக்குச் சராசரியாக நூற்றுக்கு 40 வெள்ளையாக விழுந்தால், மிஞ்சுபவை 60, 36, 22, 13 என்று குறையும், பாதியாவதற்கு 1.36 உருட்டு ஆகும். ஆறு முகப் பகடையில் ஒரு முகத்தை மட்டும் சிதைவு என்று வைத்தால் பாதியாவதற்கு 3.8 உருட்டு ஆகும். ஆக, ஓர் உருட்டில் சிதையும் வாய்ப்பு என்ற ஒரே எண் அரை ஆயுட்காலத்தைத் தீர்மானித்துவிடுகிறது. அணுக்கருவுக்கும் அப்படியே: ஒரு நொடியில் சிதையும் வாய்ப்பைச் சிதைவு மாறிலி என்கிறோம், 0.693-ஐ அதனால் வகுத்தால் அரை ஆயுட்காலம் கிடைக்கும்.

உருட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். நான்கு உருட்டுகளிலும் தப்பிய ஒரு கொட்டை, ஐந்தாவது உருட்டில் விழ மற்றவற்றைவிடக் கூடுதல் வாய்ப்புக் கொண்டதல்ல. அது களைப்படைவதில்லை. அணுக்கருவுக்கும் முதுமை கிடையாது. நானூறு கோடி ஆண்டுகளாகத் தப்பி வந்த யுரேனியம் அணுவும் நேற்று ஓர் அணு உலையில் உருவான அதே வகை யுரேனியம் அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கு ஒரே அளவு வாய்ப்புள்ளவை. இரண்டு அரை ஆயுட்காலம் கழிந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கால் பங்கு மிஞ்சும் என்பதே சரி. தைராய்டு சிகிச்சைக்குத் தரப்படும் அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாள் என்றால், 32 நாளில் சிதைவால் மட்டும் அது பதினாறில் ஒரு பங்காகியிருக்கும்.

ஆறாம் படி: உண்மையான பொருள்களோடு பொருத்துதல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கறுப்பு இல்மனைட்டுக்கும் சிவந்த கார்னெட்டுக்கும் இடையே மஞ்சள் பழுப்பு நிறத்தில் மோனசைட் என்ற தாதுவின் மணிகள் கலந்திருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரை தோரியம் ஆக்சைடு இருக்கும். தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம் 1405 கோடி ஆண்டு. பூமியின் வயதோ 454 கோடி ஆண்டு. அப்படியானால் பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது. இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளில் ஒரு கிராமை எடுத்துக்கொண்டாலும், நொடிக்கு ஏறத்தாழ 4000 அணுக்கள் சிதைகின்றன. அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு பெரியது என்பதை உணர்த்த இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. தோரியம் சிதைந்து நேராக நிலைத்த பொருளாகிவிடுவதில்லை. ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா என்று பத்துப் படி இறங்கிக் காரீயம்-208-இல் நிற்கிறது.

கதிரியக்கப் பொருள் என்றால் இருட்டில் பச்சையாக ஒளிரும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் அதையும் தெளிவுபடுத்த வேண்டும். பழைய கைக்கடிகார முள்களில் ரேடியம் பூசியது உண்மைதான்; ஆனால் பச்சையாக ஒளிர்ந்தது ரேடியம் அல்ல, அதனோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் ஆல்ஃபாத் துகள் மோதித் துத்தநாக சல்ஃபைடின் எலெக்ட்ரான்கள் மேல் மட்டத்துக்குப் போயின. இறங்கும்போது ஒளி வந்தது. நம்மூர்க் கடைவீதியில் வண்டிகளுக்கு ஒட்டும் ‘ரேடியம் ஸ்டிக்கர்’களில் ரேடியம் துளியும் கிடையாது. முகப்பு விளக்கின் ஒளியை வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் பரப்பு அது; பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கதிரியக்கத்தைப் பழகுவதற்காகப் பழைய கடிகார முள்ளைச் சுரண்டுவதோ, புகை உணர்கருவியைப் பிரித்து அதிலுள்ள அமெரிசியத்தை எடுப்பதோ வேண்டாம். ஆல்ஃபாத் துகளைத் தோலின் மேற்படலமே தடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் தூசியாக மூச்சில் போனால் அந்தத் தடுப்பு இல்லை. இந்தப் பகுதிக்குப் புளியங்கொட்டையே போதும்.

ஏழாம் படி: இரண்டு கதைகளும் ஒன்று சேரும் இடம்

1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் நிறமாலை காட்டியோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் எழுந்த தீப்பிழம்புகளில் ஒளிக்கோடுகள் தெரிந்தன. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர், கிரகணமில்லாத நாளிலேயே அந்தப் பிழம்புகளை ஆராய்ந்து, மஞ்சள் கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை என்று உறுதிசெய்தார். அதன் அலைநீளம் 587.6 நானோமீட்டர். நம் செருப்புப் பெட்டியில் அது சோடியத்தின் கோட்டிலிருந்து 0.4 மில்லிமீட்டர் மட்டுமே தள்ளி விழும்; நாம் பார்த்திருந்தால் உப்பு என்றே சொல்லியிருப்போம். சூரியனில் மட்டும் தெரிந்த அந்தத் தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிட்டார்கள். 1895-இல் வில்லியம் ராம்சே அதைப் பூமியில் கண்டெடுத்தபோது, அது ஒரு யுரேனியக் கனிமத்துக்குள் அடைபட்டிருந்தது. மோனசைட் மணலிலும் அது அடைபட்டிருக்கும். 1908-இல் நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கியபோது, அந்த வாயுவை அவர் மோனசைட்டிலிருந்தே எடுத்திருந்தார்.

சூரியனின் வாயு யுரேனியப் பாறைக்குள் எப்படி வந்தது? 1908-இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் அதைச் சோதித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லிய சுவர் கொண்ட கண்ணாடிக் குழாயில், ஆல்ஃபாத் துகள்களை எறியும் ரேடான் வாயுவை அடைத்தார்கள். ஆல்ஃபாத் துகள்கள் துளைத்து வெளியேற அந்தச் சுவர் இடங்கொடுக்கும், வாயு கசிய இடங்கொடுக்காது. அதைச் சுற்றிக் காற்றை வெளியேற்றிய மற்றொரு குழாய். வெளிக்குழாயில் சேர்ந்ததை அழுத்தி மேலே தள்ளி, மின்சாரம் பாய்ச்சி, நிறமாலை காட்டியில் பார்த்தார்கள். ஒரு நாள் கழித்து ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் 587.6 நானோமீட்டரில் மங்கலாக ஒரு மஞ்சள் கோடு. நான்காம் நாள் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்றன. ஆறாம் நாள் ஹீலியத்தின் முக்கியமான கோடுகள் அத்தனையும் இருந்தன. அணுக்கருவிலிருந்து பறந்து வந்த ஆல்ஃபாத் துகள், வெளியே இரண்டு எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு ஹீலியம் அணுவாகி, தன் ஒளியால் தன் பெயரைச் சொல்லிவிட்டது. ஐயத்துக்கு இடம் வைக்காமல், உட்குழாயில் ரேடானுக்குப் பதிலாகச் சாதாரண ஹீலியத்தையே நிரப்பி அவர்கள் மறுபடியும் காத்திருந்து பார்த்தார்கள்; வெளிக்குழாயில் அந்த மஞ்சள் கோடு தோன்றவில்லை.